பாடினது தொலையக் கூடாது, பழைய ப்ராஜெக்ட் திறக்க வேண்டும்

கேள்வி கேட்டவர் மும்பை பவாயில் வேலை பார்க்கும் தமிழர். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார், பீட்டா வெளியிடப் போகிறார்கள். ரெக்கார்டிங் வசதிகளிலும் பிளக்-இன் (சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்கிற, ஒலியை மாற்றும் குட்டி சாஃப்ட்வேர்) விஷயத்திலும் இப்போது இருக்கிற சாஃப்ட்வேர்களில் எது கடுப்பேற்றுகிறது, எது இல்லாமல் வேலை நடக்காது, தினமும் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் செம்பூரில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை நடத்துகிறேன். விளம்பரங்களுக்குத் தமிழ் டப்பிங், பஜனைப் பாட்டு, அரங்கேற்றத்துக்கு முன் டிராக் எடுக்க வரும் நாட்டியப் பள்ளிகள், தாராவியிலிருந்து ராப் பாட வரும் பையன்கள், இதுதான் என் உலகம். இந்த உலகத்திலிருந்துதான் என் பதிலும்.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். பதிவாகிற எதுவும் தொலையக் கூடாது, இன்றைக்குச் செய்த ப்ராஜெக்ட் ஐந்து வருஷம் கழித்தும் திறக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யுங்கள், மீதி எல்லாம் நீங்கள் மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது சந்தையில் இருக்கிற பெரிய சாஃப்ட்வேர்கள்கூட இந்த இரண்டில் அரைகுறைதான், ஆனால் வருஷா வருஷம் புதிய பதிப்புக்கு விளம்பரம் செய்யும்போது புது சிந்தஸைசரும் புது நிறமும்தான் முன்னால் வந்து நிற்கும்.

டப்பிங்கில் நடக்கிறதைச் சொல்கிறேன். மும்பையில் விளம்பரம் இந்தியில் எடுப்பார்கள், பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று ஒரே நாளில் வரிசையாகக் குரல் மாற்றுவார்கள். முப்பது விநாடி விளம்பரம்தான். குரல் கொடுப்பவர் மைக் முன்னால் உட்கார்ந்து, 'சார், ஒரு தடவை சும்மா படிச்சுப் பார்க்கிறேன்' என்பார். அந்தச் சும்மா படித்ததுதான் பத்தில் எட்டு முறை சிறந்த டேக். அதற்கப்புறம் ஏஜென்சி ஆள் திருத்தம் சொல்லச் சொல்ல உயிர் போய்விடும். அதனால் நாங்கள் எல்லாரும் ஆள் உள்ளே நுழைந்ததுமே ரெக்கார்டை அமுக்கிவிடுகிறோம், பிறகு அரை மணி நேரக் குப்பைக்குள் தேடுகிறோம். இதைச் சாஃப்ட்வேரே செய்யலாம். க்யூபேஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் 'ஆடியோ ப்ரீ-ரெக்கார்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. ரெக்கார்ட் அமுக்குவதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்துவிடும். ஆனால் அது செட்டிங்ஸுக்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது, எத்தனை விநாடி என்று நாமே போய் எழுதினால்தான் உண்டு. ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் 2018-இல் பத்தாவது பதிப்பில் 'கேப்ச்சர்' கொண்டுவந்தது, அது மிடிக்கு, அதாவது கீபோர்டில் எந்தக் கட்டையை எப்போது அமுக்கினோம் என்கிற குறிப்புக்கு மட்டும். ஆப்பிளின் லாஜிக்கில் மிடிக்கு அது வெகு நாளாக உண்டு, குரலுக்கு 2025-இல்தான் வந்தது. கீபோர்டு வாசிப்பவருக்குக் கிடைத்த இந்தச் சலுகை பாடுகிறவருக்கு மட்டும் ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

மெமரி ஆகும் என்று சொல்லாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 முறை (இதுதான் சாம்பிள் ரேட்) ஒலியை அளந்து ஒவ்வொன்றையும் 24 பிட்டில் எழுதினால், ஒரு மைக்குக்கு ஒரு விநாடிக்கு 144 கிலோபைட். ஒரு நிமிஷத்துக்கு ஒன்பது மெகாபைட்கூட இல்லை. எட்டு மைக்கில் ஐந்து நிமிஷம் பின்னால் போய் எடுக்கிற அளவு வைத்துக்கொண்டாலும் 350 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். இன்றைக்கு பிரவுசரில் ஒரு டேப் அதைவிட அதிகம் தின்கிறது. ஆகவே என் முதல் வேண்டுகோள்: டிராக்கை ரெக்கார்டுக்குத் தயார் செய்த நொடியிலிருந்து பின்னணியில் பிடித்துக்கொண்டே இருங்கள், அதுவும் தானாகவே, நாங்கள் எதையும் போய் ஆன் செய்யாமல்.

அடுத்தது கிராஷ். ரெக்கார்டிங் நடுவில் சாஃப்ட்வேர் செத்துப்போனால் பாடினது எங்கே போகிறது? பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும், ஆனால் திறக்காது. ஒலியைச் சேமிக்கிற வேவ் ஃபைலின் தலையில், உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்கிற எண்ணை எழுத வேண்டும், பல சாஃப்ட்வேர்கள் அதை ரெக்கார்டிங் முடிந்த பிறகுதான் சரியாக எழுதுகின்றன. நடுவில் செத்தால் அந்த எண் பூஜ்யமாகவே நின்றுவிடும், பிளேயர் காலி ஃபைல் என்று சொல்லிவிடும். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் 'ரா டேட்டா' என்று இறக்குமதி செய்து, பிட்டும் சாம்பிள் ரேட்டும் கையால் கொடுத்தால் முழுப் பாட்டும் திரும்பக் கிடைக்கும், ஆனால் எத்தனை பேருக்கு இது தெரியும்? சில விநாடிக்கு ஒரு முறை அந்த எண்ணைப் புதுப்பித்துக்கொண்டே போனால் பிரச்சனையே இல்லை. நீங்கள் எழுத வேண்டியது நாலு வரி கோடு.

அதே வேவ் ஃபைலுக்கு 4 ஜிபி எல்லையும் உண்டு, அந்த அளவு எண்ணுக்கு 32 பிட்தான் இடம் என்பதால். விளம்பரம் பண்ணுகிறவர்களுக்கு இது எட்டாத தூரம். கச்சேரி எடுக்கிறவர்களுக்கு இல்லை. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே எல்லை வந்துவிடும், அதாவது மிருதங்கத் தனி ஆவர்த்தனம் நடக்கிற நேரத்தில். சண்முகானந்தா அரங்கிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவிலோ மூன்று மணி நேரக் கச்சேரியை எடுத்துவிட்டு வித்வானிடம் போய், கடைசியில் பாடின துக்கடா எல்லாம் பதிவாகவில்லை என்று சொல்லிப் பாருங்கள். ஆர்எஃப்64 என்ற வடிவம் இதற்காகவே இருக்கிறது, எல்லை வந்ததும் தானாக அதற்கு மாறிக்கொள்ள விடுங்கள்.

சாம்பிள் ரேட் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. ப்ராஜெக்டில் ஒரு எண், இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) இன்னொரு எண் என்று ஆகிவிடும், நடுவில் யாரோ யூடியூப் திறந்திருப்பார்கள். 44.1-இல் எடுத்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். தம்புராவோடு சேர்த்து எடுத்திருந்தால் எல்லாமே சேர்ந்து ஏறுவதால் உடனே காதில் படாது, வீட்டுக்குப் போய்க் கேட்கும்போதுதான் 'இது என் குரலே இல்லையே' என்று போன் வரும். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் ரெக்கார்ட் பட்டனையே பூட்டிவிடுங்கள். சின்ன மஞ்சள் எச்சரிக்கை போதாது.

இப்போது லேட்டன்சி, அதாவது பாடினது ஹெட்ஃபோனில் வந்து சேர ஆகிற தாமதம். இதைப் பற்றித்தான் அதிகம் புலம்பல் வரும், அதிகம் தவறான புரிதலும் இதில்தான். பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்கிற ஒலித் துண்டு, 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி செகண்ட். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை, அதனோடு கன்வர்ட்டரும் டிரைவரும் எடுத்துக்கொள்வது. 1024-இல் வைத்தால் போக வர 43-ஐத் தாண்டும், அதில் யாரும் பாட முடியாது. ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும், அதனால் மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் சத்தம் பாடகர் காதுக்கு ஆறு மில்லி செகண்ட் தாமதமாகத்தான் எப்போதுமே வருகிறது, யாரும் குறை சொன்னதில்லை. தன் குரல் தனக்கே தாமதமாக வரும்போதுதான் வம்பு. எலும்பு வழியாக உடனே ஒன்று கேட்கும், ஹெட்ஃபோன் வழியாகக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று கேட்கும், இரண்டும் கலந்து சில ஸ்தாயிகளில் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். பாடகி 'என்னமோ சரியில்லை, மைக் மாத்துங்க' என்பார். மைக்கில் ஒன்றும் இருக்காது.

கம்ப்யூட்டருக்குள் போகாமல் குரலை நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்ப இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டரிங் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதில் ரிவெர்ப் (மண்டபத்தில் பாடுகிற மாதிரி எதிரொலி) கேட்காது, ரிவெர்ப் இல்லாமல் பாடு என்றால் பஜனை மாமிகள் எழுந்து போய்விடுவார்கள். இதற்கு லாஜிக்கில் 'லோ லேட்டன்சி மோட்', க்யூபேஸில் 'கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன்' என்று ஒரு பட்டன் உண்டு. தாமதம் உண்டாக்குகிற பிளக்-இன்களைத் தற்காலிகமாக விலக்கிவிட்டுப் பாட விடும். அந்தப் பட்டன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் கோளாறு. எல்லா டிராக்கும் சேர்கிற மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ, லுக்-அஹெட் லிமிட்டர் மாதிரி தாமதம் தருகிற பிளக்-இன் ஒன்றைப் போட்டு வைத்துவிட்டு, பஃபர் 64-இல்தான் இருக்கிறது, ஆனாலும் தாமதம் வருகிறது, சாஃப்ட்வேர் சரியில்லை என்று எழுதுவார்கள். உங்கள் கருத்துப் பெட்டியில் இந்தக் குற்றச்சாட்டு வந்து குவியும், நான் உத்தரவாதம். ஒவ்வொரு பிளக்-இன் மேலும் அது எத்தனை மில்லி செகண்ட் சேர்க்கிறது என்று எண்ணாகக் காட்டுங்கள். ரீப்பர் என்ற சாஃப்ட்வேர் சாம்பிள் கணக்கில் காட்டுகிறது, ஆனால் சாம்பிள் கணக்கு பொறியாளருக்குத்தான் புரியும்.

இதிலேயே இன்னொரு வகை ஆட்கள் உண்டு, நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். எங்களிடம் வரும் ராப் பையன்களில் பாதிப் பேர் வீட்டில் போனிலோ பழைய லேப்டாப்பிலோ எடுத்துவிட்டு வருகிறவர்கள், காதில் புளூடூத். புளூடூத் இயர்போன் சாதாரணமாக நூறு மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் செய்யும். பீட் அவர்களுக்குத் தாமதமாகக் கேட்கும், அதற்கேற்ப இவர்கள் பாடுவார்கள், பதிவானதில் ஒவ்வொரு வரியும் தாளத்துக்குப் பின்னால் விழும். பையன் நன்றாகத்தான் பாடியிருப்பான், ஆனால் தனக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்துக்கொள்வான். ரெக்கார்டுக்குத் தயார் செய்யும்போது வெளியீடு புளூடூத்தில் இருந்தால் ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள், புண்ணியமாகப் போகும். அப்படியே, வயர் போட்டு வெளியீட்டை உள்ளீட்டில் சொருகி ஒரு பீப் அனுப்பி, உண்மையான தாமதத்தை அளந்து, பதிவை அந்த அளவு முன்னால் தள்ளி வைக்கிற ஒரே ஒரு பட்டனும் வேண்டும். டிரைவர் சொல்கிற கணக்கை நம்ப முடியாது.

தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கிற மெட்ரோனோமைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாச் சாஃப்ட்வேரும் நாலுக்கு நாலு என்று பிறந்தவை. நம் தாளங்களில் கண்ட சாபு இரண்டு-மூன்று, மிஸ்ர சாபு மூன்று-நாலு என்று எந்த அடி ஓங்கி விழ வேண்டும் என்பதை நாங்களே குறிக்க முடிய வேண்டும். ரீப்பரிலும் இப்போதைய க்யூபேஸிலும் முடியும். ஆனால் பாட்டுக்கு முன் எண்ணுகிற கௌன்ட்-இன் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முழுதாக வர வேண்டும், பாட்டு முதல் அடியில் தொடங்காமல் எடுப்பு தள்ளி இருந்தால் அதற்கேற்ப நிற்க வேண்டும், தாளமில்லாத விருத்தம் முடிந்து தாளத்துக்குள் நுழையும் இடத்தில் க்ளிக் அங்கிருந்து பிறக்க வேண்டும். இதை எந்தச் சாஃப்ட்வேரும் நேராகச் செய்யவில்லை, எல்லாரும் வேகத்தை இடத்துக்கு இடம் குறிக்கிற டெம்போ மேப்பில் தில்லுமுல்லு செய்துதான் சமாளிக்கிறோம். நீங்கள் தமிழர்கள், இதையாவது முதலில் செய்யுங்கள்.

டேக்குகளை வெட்டி ஒட்டுவது, அதாவது காம்பிங், இன்று எல்லாரிடமும் வந்துவிட்டது. லாஜிக் 2007-லேயே விரலால் இழுத்துத் தேர்ந்தெடுக்கிற மாதிரி கொண்டுவந்தது, லைவ் 2021-இல் பதினொன்றாம் பதிப்பில்தான், ரீப்பர் 2023-இல் ஏழாம் பதிப்பில் அதைச் சீராக்கியது. இதில் உங்களிடம் புதிதாகக் கேட்க எதுவும் இல்லை, டேக்குக்குப் பெயர் வைக்க விடுங்கள் என்பதைத் தவிர. 'ஆடியோ 01-37' என்ற பெயரில் ஃபைல் சேமிக்கிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சரி, பிளக்-இன்.

பிளக்-இன் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது, சாஃப்ட்வேர் திறக்கும்போது ஸ்கேன் ஆகிக்கொண்டே இருக்கிறது, நடுவில் ஏதோ ஒன்றில் நின்றுவிடுகிறது என்பதுதான். இரண்டாவது, எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய ஒரு ரிவெர்ப் கிராஷ் ஆகி முழு ப்ராஜெக்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது. இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. பிட்விக் என்ற சாஃப்ட்வேர் பிளக்-இன்களைத் தனிப் பிராசஸில் ஓட்டுகிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டும்படி வைத்தால், ஒன்று விழுந்தாலும் அந்த ஒன்றின் சத்தம் மட்டும் நிற்கும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ரீப்பரிலும் சந்தேகப்படுகிற பிளக்-இன்னை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டலாம். இதற்குக் கொஞ்சம் சிபியு கூடுதலாகப் போகும். போகட்டும். என்னைக் கேட்டால், ரெக்கார்டிங் ஓடுகிற நேரத்திலாவது எந்தப் பிளக்-இன்னும் பதிவைத் தொட முடியாத சுவர் ஒன்று இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்: பழைய ப்ராஜெக்ட். க்யூபேஸ் செய்கிற ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் பிளக்-இன்களுக்கான விஎஸ்டி வடிவத்தைக் கொண்டுவந்தது, 2008-இல் விஎஸ்டி3, பிறகு 2018-இல் புதிதாக வருகிறவர்களுக்கு விஎஸ்டி2 உரிமம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஆப்பிளுக்கு ஆடியோ யூனிட், ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ், 2022-இல் பிட்விக்கும் பிளக்-இன் செய்கிற யூ-ஹி நிறுவனமும் சேர்ந்து க்ளாப் என்று இன்னொன்று. பயனருக்கு இந்த அரசியலில் எந்த அக்கறையும் இல்லை. நாலு வருஷம் முன்னால் செய்த பஜனை ஆல்பத்தில் ஒரு பாட்டில் குரலை மட்டும் சத்தம் ஏற்றித் தரச் சொல்லி வருவார்கள், திறந்தால் பாதிப் பிளக்-இன் காணோம் என்று பட்டியல் வரும், புதுப் பதிப்பை வாங்கிப் போட்டாலும் பழைய செட்டிங்ஸ் அதற்குள் ஏறாது. வீட்டைக் கட்டிக்கொடுத்தவரே பூட்டை மாற்றிவிட்டுப் போன கதைதான். இதில் உங்களால் முடிந்தது நிறைய. காணாமல் போன பிளக்-இன்னின் அமைப்புகளைத் தூக்கிப் போடாமல் அப்படியே வைத்திருங்கள், ப்ராஜெக்டைத் தவறிப்போய்ச் சேமித்தால்கூட அழியக் கூடாது. அதைவிட முக்கியம், ப்ராஜெக்டை மூடும்போது ஒவ்வொரு டிராக்கையும் பிளக்-இன் சேர்ந்த ஒலியாகவும் தனியே எழுதி வைக்கிற வசதி. பிளக்-இன் செத்தாலும் அந்த ஒலி இருக்கும். ஃப்ரீஸ் என்ற பெயரில் இது எல்லாரிடமும் உண்டு, ஆனால் கையால் செய்ய வேண்டும், மாலை ஏழு மணிக்குக் களைத்துப் போய் மூடும்போது யார் செய்வார்கள்?

சாஃப்ட்வேரே செத்துப்போவதும் உண்டு. 2017-இல் கிப்சன் நிறுவனம் தன்னிடமிருந்த கேக்வாக்கை நிறுத்தியபோது, அதன் சோனார் சாஃப்ட்வேரில் வருஷக்கணக்காக வேலை செய்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள், அடுத்த வருஷம் பேண்ட்லேப் வாங்கி இலவசமாகக் கொடுத்ததால் தப்பித்தார்கள். அந்தப் பயம் போகவில்லை. உங்களைப் போன்ற மூன்று பேர் குழுவிடம் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து, நோட்பேடில் திறந்து படிக்கலாம். 2023-இல் பிட்விக்கும் ஸ்டுடியோ ஒன் செய்த ப்ரீசோனஸும் சேர்ந்து டா-ப்ராஜெக்ட் (DAWproject) என்று திறந்த வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள், ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக. முதல் பதிப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டால், நாளைக்கு நீங்கள் கடையை மூடினாலும் எங்கள் வேலை எங்களிடம் இருக்கும். அந்த நம்பிக்கைக்காகவே நான் காசு கொடுப்பேன்.

லைசென்ஸ் விஷயத்தில் பயனர்கள் கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம் 2023 மார்ச். பிளக்-இன் செய்கிற வேவ்ஸ் நிறுவனம் இனி மாதச் சந்தா மட்டும்தான், சொந்தமாக வாங்க முடியாது என்று அறிவித்தது. உலகம் முழுக்க எழுந்த சத்தத்தில் சில நாட்களுக்குள் மன்னிப்புக் கேட்டு, பழையபடி விற்பனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்டைன்பெர்க்கும் வருஷக்கணக்கில் திட்டு வாங்கிவிட்டு 2022-இல் க்யூபேஸ் 12-இலிருந்து லைசென்ஸுக்காகச் சொருகியே வைக்க வேண்டியிருந்த யூஎஸ்பி டாங்கிளை விட்டொழித்தது. எனக்கே ஒரு முறை, வாடிக்கையாளர் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிளக்-இன் இன்டர்நெட்டில் போய் லைசென்ஸ் கேட்டு, பதில் வராமல், மிக்ஸ் முழுக்க நடுநடுவே மௌனமாகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்து மும்பையில் இன்டர்நெட் போவது செய்தியே இல்லை. ஒரு முறை அனுமதி வாங்கினால் மாதக்கணக்கில் தொந்தரவு செய்யாமல் இருங்கள்.

கூடவே நீங்கள் கொடுக்கிற பிளக்-இன்கள் பற்றி. நாற்பது வேண்டாம். நல்ல ஈக்யூ (கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைப்பது), நல்ல கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), டீ-எஸ்ஸர் ('ஸ்' ஒலியை அடக்குவது), ஒரு ரிவெர்ப், போதும். நேரம் மிச்சமிருந்தால் சுருதி திருத்தத்தில் போடுங்கள். ஆட்டோ-டியூன் 1997-இல் வந்தது, மெலடைன் அதற்குப் பின்னால். இரண்டுமே ஸ்வரம் என்றால் ஓரிடத்தில் நிற்கிற ஒன்று என்று வைத்துக்கொண்டு கட்டியவை. தோடியில் காந்தாரம் நிற்கவே நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பதுதான் அதன் உருவம். அதைப் பிடித்து நேராக்கினால் தோடி போய், வேறு ஏதோ நிற்கும். மெலடைனில் ஒவ்வொரு அசைவையும் கையால் விலக்கித் திருத்தலாம், ஒரு பல்லவிக்கு ஒரு சாயந்திரம் போய்விடும். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: நான் குறிக்கிற இடத்தில் மட்டும், கமகம் (ஸ்வரத்தின் அசைவு) முடிந்து கார்வை (ஸ்வரம் அசையாமல் நீள்வது) நிற்கிற பகுதியை மட்டும் தொடு, மற்றதை விடு. சுருதியையும் 440 ஹெர்ட்ஸ் என்கிற மேற்கத்திய அளவுக்குக் கட்டிப்போடாமல் தம்புரா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள். வித்வான் நாலரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டால் அதுதான் அன்றைய சுருதி.

கடைசியாக, கருத்து எப்படிச் சேகரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். என்ன வசதி வேண்டும் என்று படிவம் போட்டுக் கேட்காதீர்கள், எல்லாரும் இருட்டு நிறத் தோற்றமும் ஏஐயும் என்று எழுதுவார்கள், நானும் அப்படித்தான் எழுதுவேன். சாஃப்ட்வேருக்குள்ளேயே 'இப்போது ஏதோ தப்பு நடந்தது' என்று ஒரு பட்டன் வையுங்கள். அமுக்கினால் அந்த நேரத்து பஃபர், சாம்பிள் ரேட், எந்த டிரைவர், எந்தெந்தப் பிளக்-இன் எந்தப் பதிப்பு, கடைசியாக எதைத் திறந்தோம் என்பது எல்லாம் ஒரு சின்ன ஃபைலாகச் சேர வேண்டும், ஒலி மட்டும் போகக் கூடாது, ஏனென்றால் வெளிவராத விளம்பரத்தின் குரலை வெளியே அனுப்பினால் எனக்கு வேலை போய்விடும். அனுப்புவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டு அனுப்புங்கள். விண்டோஸ் பதிப்பு தயாரானதும் சொல்லுங்கள், இங்கே 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று இதற்காகவே வைத்திருக்கிறேன், உங்கள் ஆட்களில் ஒருவர் சனிக்கிழமை வந்தால் டப்பிங் நடக்கும்போதே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம்.